புது ஸ்பீக்கர் உண்மையிலேயே நல்லதா?



சுவர் இதழுக்குக் கட்டுரை கேட்டபோது முதலில் மழைநீர் சேமிப்பு பற்றி எழுதலாம் என்றுதான் நினைத்தேன். அது போன மாதமே வந்துவிட்டது. அதனால் எங்கள் வகுப்பில் பத்து நாளாக நடந்த ஒரு சண்டையைப் பற்றி எழுதுகிறேன். கணினி மேஜை மேல் இருக்கிற புது ஸ்பீக்கர் நல்லதா, ஸ்டோர் ரூமில் உடைந்த நாற்காலிகளோடு கிடந்த பழைய ஸ்பீக்கர் நல்லதா என்பதுதான் அந்தச் சண்டை. "ஸ்பீக்கருக்கெல்லாம் ஒரு கட்டுரையா?" என்று சிரிக்காதீர்கள். முழுசாகப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். புதுசு வாங்கியே ஆகணும் என்று வீட்டு வீடாகச் சொல்லி, ஆளுக்கு 20 ரூபாய் வசூல் பண்ணியது நான்தான். நாற்பது பேர் கொடுத்தது 800. டீச்சர் 50 போட்டார். பழைய ஸ்பீக்கர் 'உம்ம்ம்' என்று இரைந்துகொண்டே இருக்கும், சத்தம் கூட்டுகிற திருகைத் தொட்டால் 'கரகர' என்று சொறியும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் அட்டைப் பெட்டியைப் பார்த்ததுமே பிடித்துப்போய்விட்டது. கறுப்பு நிறம், ரொட்டி பாக்கெட் அளவு, நீல விளக்கு, பெட்டி மேல் பெரிய எழுத்தில் '10 வாட்'. கடையில் பாட்டுப் போட்டுக் காட்டினார்கள். தும் தும் என்று நெஞ்சில் அடித்தது. வாங்கிவிட்டோம்.

மறுநாள் வகுப்பில் போட்டபோது எல்லாரும் கைதட்டினார்கள். என் பக்கத்தில் உட்காரும் தோழி மட்டும் தட்டவில்லை. அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே பார்வை ரொம்பக் குறைவு. கரும்பலகையில் எழுதுவது அவளுக்குத் தெரியாது. நாங்கள் பாடத்தை வாசித்து டீச்சரின் போனில் பதிவு பண்ணுவோம். மாலையில் கடைசிப் பீரியடில் அதை ஸ்பீக்கரில் போடுவோம். அவள் படிக்கிறது அப்படித்தான். எங்களுக்கு ஸ்பீக்கர் என்றால் பாட்டு. அவளுக்கு அது புத்தகம்.

அவள் மெதுவாக என் காதில் சொன்னாள்: "ஏய், யாரோ குடத்துக்குள்ள தலையை விட்டுப் பேசுற மாதிரி இருக்குடி."

எனக்குக் கோபம்தான் வந்தது. புதுசு எப்படிக் கெட்டதாக இருக்கும் என்று வாதாடினேன். அதற்குள் தலைமையாசிரியர் பழைய சாமான்களை எல்லாம் காயலான் கடைக்குப் போடச் சொல்லிவிட்டார். பழைய ஸ்பீக்கரும் அந்தக் குவியலில் இருந்தது. அறிவியல் டீச்சரிடம் போய் நின்றேன். "வாயால சண்டை போடாதீங்க. சோதனை பண்ணிப் பாருங்க" என்றார்.

சோதனைக்கு முன்னால் ஸ்பீக்கர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும் அல்லவா? எங்கள் தெருவில் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மைக் செட் போடுகிற மாமா இருக்கிறார். அவர் ஒரு கெட்டுப்போன ஸ்பீக்கரைப் பிரித்துக் காட்டினார். நடுவில் ஒரு காந்தம். அதன் இடுக்கில் மெல்லிய கம்பிச் சுருள். சுருளோடு ஒட்டிய காகிதக் கூம்பு, அதை அவர் 'கோன்' என்றார். சுருளில் மின்சாரம் முன்னும் பின்னும் மாறி ஓடும்போது காந்தம் அதைத் தள்ளும், இழுக்கும். கோன் ஆடும். கோன் காற்றைத் தள்ளும். அதுதான் சத்தம். காந்தவியலும் ஒலியும் வேறு வேறு பாடம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே டப்பாவுக்குள் இரண்டும் இருக்கின்றன.

இந்த அமைப்பை அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெலாக் என்ற இரண்டு பேர் 1925ல் வெளியிட்டார்கள். நூறு வருடம் ஆகிவிட்டது. எங்கள் புது ஸ்பீக்கருக்குள்ளும் அதே சுருள், அதே கோன்தான்!

அப்படியானால் எதுதான் புதுசு? மூன்று விஷயம் உண்மையிலேயே மாறியிருக்கிறது. ஒன்று காந்தம். நியோடிமியம் காந்தத்தை 1980களில் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். சின்னதாக இருந்தாலும் பலம் ஜாஸ்தி. இன்னொன்று ஆம்ப்ளிஃபையர். கணினி ஸ்பீக்கர்களில் ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும். பழசில் இருப்பது 'ஏபி வகுப்பு' ஆம்ப்ளிஃபையர். அது வாங்குகிற மின்சாரத்தில் ஏறக்குறைய பாதியைச் சூடாகவே வீணாக்கிவிடும். அதனால்தான் அதற்கு அலுமினியத் தகடு, கனமான டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம். புதுசில் இருப்பது 'டி வகுப்பு'. அது மின்சாரத்தை விட்டு விட்டு, ரொம்ப வேகமாக சுவிட்ச் போடுவது போல வேலை செய்கிறது. பத்தில் ஒன்பது பங்கு வரைக்கும் கோனுக்கே போகும். சூடு ரொம்பக் குறைவு. மூன்றாவது, சத்தத்தை எண்களாக மாற்றித் திருத்துகிற ஒரு சின்ன சிப்.

"முன்னாடி ஆம்ப்ளிஃபையர் தூக்க ரெண்டு ஆள் வேணும் பாப்பா. இப்ப ஒத்தக் கையில தூக்கிட்டுப் போறேன்" என்றார் மைக் செட் மாமா. ஆகவே அவர் ஒன்றும் புதுசுக்கு எதிரி இல்லை.

வாட் கணக்குக்கு வருவோம். இங்கேதான் எனக்கு நல்ல அடி விழுந்தது. புது ஸ்பீக்கருக்குத் தனி பிளக் கிடையாது. கணினியின் யு.எஸ்.பி. துளையிலிருந்துதான் மின்சாரம் எடுக்கிறது. நம் கணினியில் இருப்பது யு.எஸ்.பி. 2.0. அது கொடுப்பது 5 வோல்ட், அதிகபட்சம் 500 மில்லி ஆம்பியர். 5 பெருக்கல் 0.5, ஆக 2.5 வாட். இரண்டரை வாட் வாங்கிக்கொண்டு பத்து வாட் எப்படித் தொடர்ந்து கொடுக்க முடியும்? கண நேரம் வேண்டுமானால் தாவிப் பாயலாம். அவ்வளவுதான்.

உடனே பழசு கட்சிக்காரர்கள் குதித்தார்கள். அவர்களையும் விடவில்லை. பழசின் முகப்பில் 'பி.எம்.பி.ஓ. 2500 வாட்' என்று தங்க எழுத்தில் போட்டிருக்கிறது. பின்பக்கத் தகட்டில் பார்த்தால் '230 வோல்ட், 30 வாட்'. முப்பது சாப்பிட்டுவிட்டு இரண்டாயிரத்து ஐந்நூறு வேலை செய்யுமாம்! பி.எம்.பி.ஓ. என்பதற்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட அளவு முறை எதுவும் கிடையாது. ஆளாளுக்கு இஷ்டத்துக்கு எழுதிக்கொள்ளலாம். ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் 'ஆர்.எம்.எஸ்.' என்று போட்ட வாட்டைப் பாருங்கள். அதையும் பின்பக்கம் எவ்வளவு மின்சாரம் வாங்குகிறது என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கூட்டல் பெருக்கல் தெரிந்தால் போதும்.

சரி, பழசு 15 வாட் கொடுக்கிறது, புதுசு 2 வாட் கொடுக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஏழு மடங்கு சத்தமாகக் கேட்குமா? கேட்காது. நம் காது அப்படிக் கணக்குப் போடாது. வாட் பத்து மடங்கு கூடினால்தான் காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றும். எனவே 'குடத்துக்குள் பேசுவது' வாட் பிரச்சினை இல்லை. வேறு ஏதோ காரணம் இருக்கிறது.

அதைக் கண்டுபிடித்தது ஒரு அடி ஸ்கேல்தான். புதுசில் 2 அங்குல கோன்கள் இரண்டு. பழசின் மரப் பெட்டியில் 4 அங்குல கோன் ஒன்று, அதோடு பக்கத்தில் வைக்கிற இரண்டு குட்டிப் பெட்டிகளில் 3 அங்குல கோன் ஒவ்வொன்று. விட்டம் பாதியானால் வட்டத்தின் பரப்பு கால்வாசி. ஆக, புதுசின் இரண்டு கோனும் சேர்ந்தால்கூட அந்த மரப் பெட்டி கோனில் பாதிதான். 'தும் தும்' என்கிற கனத்த ஒலிக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அதிர்வெண் பாதியாகக் குறைந்தால், அதே சத்தத்துக்குக் கோன் நாலு மடங்கு தூரம் ஆடணும். சின்ன கோன் பாவம், எவ்வளவு ஆடும்? அதை அந்தச் சிப் பிடித்துத் தள்ளித் தள்ளி ஆட வைக்கிறது. கடையில் என் நெஞ்சில் அடித்தது அதுதான்.

பேச்சும் அதே கோனில்தான் வரணும் என்பதுதான் சிக்கல். ஊஞ்சலில் வேகமாக ஆடிக்கொண்டே கோலம் போடச் சொன்னால் எப்படி இருக்கும்? பழசில் கனத்த ஒலி மரப் பெட்டிக்குப் போய்விடும், பேச்சு குட்டிப் பெட்டிகளுக்கு வரும். இரண்டும் தனித்தனி. புதுசில் எல்லாம் ஒரே இடத்தில் குழம்புகிறது. போதாததற்கு நம் வகுப்பறை நான்கு சுவரும் வெறும் சிமெண்ட். கனத்த ஒலி அதில் மோதி எதிரொலித்துச் சீக்கிரம் அடங்காது. கனத்த ஒலி தனக்கு மேலே உள்ள மெல்லிய ஒலிகளை மறைத்தும்விடும். நாம் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கிறோம் என்று படிக்கிறோம். ஆனால் பழைய தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் அனுப்பும். அதிலேயே பேசினது யார், என்ன சொன்னார் என்று புரிகிறதே! பேச்சு புரிவதற்கு 'தும்' தேவையே இல்லை. விளம்பர ஆட்டோவில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரில் கனத்த ஒலி கொஞ்சமும் கிடையாது. தெருக் கோடி வரை வார்த்தை வார்த்தையாகக் கேட்கும்.

இனி சோதனை. பழசை முதலில் மைக் செட் மாமா பார்த்தார். 'உம்ம்' சத்தத்துக்குக் காரணம், உப்பிப் போயிருந்த ஒரு கெப்பாசிட்டர். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதை நேர் மின்சாரமாக மாற்றும்போது 100 ஹெர்ட்ஸில் அலை அலையாக மேடு பள்ளம் வரும். அதைச் சமப்படுத்துவதுதான் கெப்பாசிட்டரின் வேலை. வயசானால் உள்ளே உலர்ந்துபோய் அந்த வேலையைச் செய்யாது. திருகின் 'கரகர'வுக்கு வெறும் தூசிதான் காரணம். இரண்டையும் சரி பண்ண 120 ரூபாய் ஆனது. (யாரும் நீங்களாகத் திறந்து பார்க்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கின பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.)

அறிவியல் டீச்சர் ஒரு நிபந்தனை போட்டார். எது பாடுகிறது என்று யாருக்கும் தெரியக் கூடாது. கண்ணால் பார்த்தால் காது ஏமாந்துவிடுமாம். ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரண்டு ஒலி ஆராய்ச்சியாளர்கள் 1994ல் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டே மார்க் போட்டவர்கள், திரைக்குப் பின்னால் அதையே வைத்தபோது வேறு மார்க் போட்டார்கள். ஆண்டு விழாத் திரையை எடுத்துக் கட்டினோம்.

முதல் தடவை தப்பாகச் செய்தோம். புதுசின் சத்தம் கொஞ்சம் கூட இருந்தது. எல்லாரும் அதுதான் நல்லது என்று கை தூக்கினார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் சத்தமாக இருப்பதுதான் நல்லது என்று காதுக்குத் தோன்றுவது இயல்பாம். எனவே டீச்சரின் போனில் சத்தம் அளக்கிற செயலியைப் போட்டு இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தோம். பிறகு பாட்டு போட்டதும் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. முன் பெஞ்சு புதுசு என்றது, பின் பெஞ்சு பழசு என்றது.

அடுத்து வார்த்தைகள். வலி, வளி, வழி. ஒலி, ஒளி, ஒழி. கலை, களை, கழை. நான் வாசித்துப் பதிவு செய்ததைப் போட, எல்லாரும் எழுதினார்கள். திருத்திப் பார்த்தால் இரண்டு ஸ்பீக்கரிலும் ஏகப்பட்ட தப்பு! எனக்கு ஒன்றும் புரியவில்லை. தமிழ் ஐயா பதிவைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஸ்பீக்கர் மேல தப்பு இல்லம்மா. நீயே 'வழி'யை 'வளி'ன்னுதானே வாசிச்சிருக்கே" என்றார். வகுப்பே சிரித்தது. அப்புறம் ஐயாவே வாசித்துக் கொடுத்தார்.

இந்தத் தடவை முன் பெஞ்சில் இருந்தவர்களுக்கு இரண்டிலும் பெரிய வித்தியாசம் இல்லை. நடு பெஞ்சிலிருந்து பின்னால் போகப் போகப் புதுசில் தப்பு கூடிக்கொண்டே போனது. 'ஒளி'யும் 'ஒழி'யும் ஒன்றாகக் கலந்தன. பழசின் குட்டிப் பெட்டிகளை அலமாரி மேல் இரண்டு பக்கமும் உயரமாக வைத்திருந்தோம். அதில் கடைசி பெஞ்சுக்கும் தெளிவாகவே வந்தது. என் தோழி இரண்டையும் ஒரு வார்த்தை கேட்டதுமே பிரித்துச் சொல்லிவிட்டாள். திரை கட்டினாலும் கட்டாவிட்டாலும் அவளுக்கு ஒன்றுதானே.

அத்தோடு முடிந்தது, பழசுதான் ஜெயித்தது என்று நினைத்தோம். அவள்தான் விடவில்லை. "புதுசை என் மேசையில பக்கத்துல வெச்சுப் பாரு. அந்தத் தும் பட்டனையும் அமுத்திடு" என்றாள். புதுசின் பின்னால் கனத்த ஒலியைக் கூட்டுகிற ஒரு பட்டன் இருந்திருக்கிறது, வாங்கின நாள் முதல் அது போட்டபடியே இருந்திருக்கிறது. அதை நிறுத்திவிட்டு அவள் மேசையில் இரண்டடி தூரத்தில் வைத்தோம். குடம் போய்விட்டது. ஐயாவின் குரல் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பது போல இருந்தது. அடியில் ஒரு இரைச்சலும் இல்லை. பழசில் கெப்பாசிட்டர் மாற்றின பிறகும் கிட்டே காதை வைத்தால் லேசாக 'ஸ்ஸ்' என்று கேட்கத்தான் செய்கிறது. மேலும் புதுசுக்குக் கரண்ட் போனாலும் கவலை இல்லை. டீச்சரின் பவர் பேங்கில் மாட்டினால் ஓடுகிறது. நம் ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆனால் புளூடூத்தில் வீடியோ போட்டால் பேசுகிறவர் வாய் ஒரு பக்கமும் சத்தம் ஒரு பக்கமுமாகப் போகிறது. புளூடூத்தில் சத்தத்தைச் சுருக்கி அனுப்பி மறுபடி விரிக்க, நொடியில் பத்தில் ஒரு பங்கிலிருந்து இரண்டு பங்கு வரைகூடத் தாமதம் ஆகலாம். வீடியோவுக்கு ஒயரில் போடுங்கள். வெறும் பாடம் கேட்க அது தேவையில்லை.

மேஜை ஸ்பீக்கர் என்று பெயர் வைத்ததே அதனால்தான் போலிருக்கிறது. மேஜையில் வைத்து ஒருத்தர் கேட்கச் செய்ததை நாற்பது பேர் வகுப்புக்குப் போட்டுவிட்டு, அது சரியில்லை என்று நான் சண்டை போட்டிருக்கிறேன். முன்னால் பழசுக்காகச் சண்டை போட்டவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 120 ரூபாய் செலவு பண்ணாமல் அப்படியே வைத்துச் சோதித்திருந்தால் பழசு தோற்றிருக்கும். அந்த 'உம்ம்' சத்தத்தில் 'ழ'கரம் எங்கே கேட்கும்?

தலைமையாசிரியரிடம் இரண்டு விடைத்தாள் கட்டையும் கொண்டுபோய்க் காட்டினோம். புரட்டிப் பார்த்தார். "சரி, இதைக் காயலான் கடைக்குப் போட வேண்டாம்" என்றார். பழசு இப்போது வகுப்பறை அலமாரி மேல் இருக்கிறது. புதுசு என் தோழியின் மேசையில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய்த் திங்கட்கிழமை திரும்பும். 20 ரூபாய் கொடுத்தவர்களில் யாருக்காவது இதில் மனக்குறை இருந்தால் என்னிடம் நேரில் சொல்லலாம். ஒருத்தன் ஏற்கெனவே சொல்லிவிட்டான். அவனுக்குப் பாட்டுக் கேட்க வேண்டுமாம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பழசில் போடலாம் என்று பேசியிருக்கிறோம், டீச்சர் இன்னும் சம்மதிக்கவில்லை.

வலது பக்கக் குட்டிப் பெட்டிக்கு ஒயர் நீளம் பற்றவில்லை. இப்போது அலமாரி ஓரத்தில் தொங்குகிற மாதிரி இருக்கிறது. யார் வீட்டிலாவது மூன்று மீட்டர் ஸ்பீக்கர் ஒயர் சும்மா கிடந்தால் கொண்டுவாருங்கள்.